ஆசிரியரின் நேரமும் பணிச்சோர்வும்: ஜலகண்டாபுரம் நெசவு வட்டாரத்தை முன்வைத்து 1953-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆசிரியரின் மன அழுத்தம் இன்று பெரும்பாலும் தனிமனித உளவியல் சிக்கலாகவே அணுகப்படுகிறது. அதனைக் கல்வி நிர்வாக வரலாற்றின் பின்னணியில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. திண்ணைப் பள்ளிக் காலம், தேர்ச்சிவழி மானியக் காலம், 1953-ஆம் ஆண்டின் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆகியவை ஒப்புநோக்கப்படுகின்றன. மாணவரின் நேரத்தைக் கணக்கிட்ட நிர்வாகம் ஆசிரியரின் நேரத்தைக் கணக்கிடத் தவறியதே பணிச்சோர்வின் வரலாற்று வேர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் பணிச்சுமை, பணிச்சோர்வு, தொடக்கக் கல்வி, இராஜாஜி, நெசவு, ஜலகண்டாபுரம், கல்வி உரிமைச் சட்டம்.

முன்னுரை

பணிச்சோர்வு (பர்ன் அவுட்) என்னும் கருத்தாக்கம் 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் எழுதிய கட்டுரையின் வழியாக உளவியல் ஆய்வில் இடம்பெற்றது. ஆற்றல் வறண்டுபோதல், பணியின் மீதும் பணிபெறுவோர் மீதும் பற்று அறுதல், தன் உழைப்பால் பயனில்லை என்னும் எண்ணம் வலுத்தல் என அதன் மூன்று கூறுகளைக் கிறிஸ்டினா மாஸ்லாக் வகுத்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு பணிச்சோர்வை நோயாகக் கொள்ளவில்லை; பணியிடத்தோடு தொடர்புடைய நிகழ்வாகவே வரையறுக்கிறது. எனவே பணிச்சோர்வின் காரணத்தைப் பணியாளரின் மனத்தில் மட்டும் தேடுவது அந்த வரையறைக்கே பொருந்தாது.

இராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த மாதிரி இங்குத் துணைசெய்யும். பணியின் கோரிக்கைகள் மிகுந்து, அப்பணியின் மீது பணியாளருக்குள்ள கட்டுப்பாடு குறையும்போது அழுத்தம் உச்சம் அடைகிறது என்பது அவர் கூற்று. தமிழகத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் வரலாற்றை இவ்விரு அளவுகோல்களைக் கொண்டு படிக்க இயலும்.

திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உள்நாட்டுப் பள்ளிகள் குறித்த விவரங்களை மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டார். அவற்றைத் தொகுத்த 1826-ஆம் ஆண்டுக் குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தமையைக் காட்டுகிறது. ஆசிரியர்கள் பொதுவாக மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்றும், தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அவ்வருவாய் போதாது என்றும் மன்றோ அதில் கருதினார். வறுமை அக்கால ஆசிரியரின் பெருஞ்சுமை என்பதில் ஐயமில்லை.

எனினும் திண்ணைப் பள்ளிக்குள் பணியைப் பகிரும் வழி ஒன்று இருந்தது. மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் ஒப்புவிக்கச் செய்தார். சென்னையில் இராணுவ ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைக் குறித்து 1797-இல் நூல் வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. பாட வேளையும் விடுமுறையும் ஊரின் வேளாண்மை, திருவிழா, தொழில் ஆகியவற்றை ஒட்டி ஆசிரியராலேயே அமைக்கப்பட்டன. வருவாய் குறைவு, ஆயினும் தன் பணிநாளின் மீது ஆசிரியருக்கு ஓரளவு கட்டுப்பாடு இருந்தது.

தேர்ச்சிவழி மானியம்

1860-களில் இந்நிலை மாறத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டுத் திருத்திய விதித்தொகுப்பு பள்ளி மானியத்தை மாணவர் வருகையோடும் தேர்ச்சியோடும் பிணைத்தது. அதே கொள்கை சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஆய்வு அலுவலர் பள்ளிக்கு வந்து நடத்தும் தேர்வின் முடிவு மானியத்தையும், அதன் வழியே ஆசிரியரின் வருவாயையும் முடிவு செய்தது.

மேட்டூர், எடப்பாடி, தாரமங்கலம் ஆகிய ஊர்களுக்கு நடுவே அமைந்த ஜலகண்டாபுரம் போன்ற நெசவூர்களைக் கருத்திற் கொண்டால் இம்முறையின் தன்மை விளங்கும். கைத்தறி நெசவு ஒருவரின் உழைப்பால் நடப்பதன்று. ஒருவர் தறியில் அமர, வீட்டிலுள்ள பிறர் நூல் இழைக்கவும் தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் வேண்டும். தார் சுற்றும் பணி வழக்கமாகப் பெண்களிடமும் சிறுவரிடமும் இருந்தது. விழாக்கால விற்பனையை ஒட்டித் தறிவேலை மிகும் நாட்களில் சிறுவர் வீட்டில் நிறுத்தப்படுவது அத்தொழிலின் இயல்பு. மாணவரின் வருகையைத் தறி முடிவு செய்ய, அவ்வருகையின் அடிப்படையில் ஆசிரியரின் ஊதியத்தை மானிய விதி முடிவு செய்தது. கட்டுப்பாடு இல்லாத ஒன்றுக்கு ஆசிரியர் பொறுப்பேற்கும் நிலை அவ்வாறு உருவானது. 1904-ஆம் ஆண்டு இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம் தேர்ச்சிவழி மானிய முறையைக் கைவிடும் நிலைப்பாட்டை எடுத்தது. ஆனால் ஆசிரியரை மாணவர் எண்ணிக்கையால் அளக்கும் மனப்போக்கு நிர்வாகத்தில் நிலைத்துவிட்டது.

1953: பாதியான பள்ளி நேரம், இரட்டித்த வகுப்பு

அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆம் உறுப்பு, 14 வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை 10 ஆண்டுகளுக்குள் வழங்க முயலுமாறு அரசுக்கு வழிகாட்டியது. நிதியும் கட்டடமும் ஆசிரியரும் போதாத சூழலில், 1952-இல் முதலமைச்சரான இராஜாஜி 1953–54 கல்வியாண்டில் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய அவருக்கு இவ்வட்டாரத்தின் கைத்தொழில் வாழ்வு நன்கு அறிமுகமானதே.

கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 5 மணி நேரமாக இருந்த பள்ளிவேளை மாணவருக்கு 3 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மாணவர் இரு பிரிவாகக் காலையும் மாலையும் வருவர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். நெசவாளர் பிள்ளை தறிக்கும் உழவர் பிள்ளை ஏருக்கும் திரும்பும் இவ்வேற்பாட்டைக் ‘குலக்கல்வித் திட்டம்’ எனத் திராவிட இயக்கம் கண்டித்தது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இத்திட்டத்திற்கு எதிரானது. பருலேகர் குழு திட்டத்திற்கு ஆதரவாக அறிக்கை அளித்தும் எதிர்ப்பு தணியவில்லை. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

சாதியடிப்படைத் தொழிலை நிலைநிறுத்தும் என்ற விமர்சனம் முற்றிலும் நியாயமானது. அவ்விமர்சனத்தின் வலிமையாலேயே திட்டத்தின் மற்றொரு பக்கம் வரலாற்று எழுத்தில் பின்தங்கியது. மாணவரின் 5 மணி நேரம் 3 ஆனபோது, இரு பிரிவுக்கும் கற்பிக்கும் ஆசிரியரின் நேரம் 6 ஆனது. 30 பேர் கொண்ட வகுப்பை இரண்டு முறை நடத்துபவர் ஒரே நாளில் 60 குழந்தைகளின் பெயரையும் பலகையையும் பிழையையும் நினைவில் கொள்ள வேண்டும். புதிய ஆசிரியரோ கட்டடமோ இன்றிக் கூடுதல் மாணவரைச் சேர்க்க இயலும் என்பதே திட்டத்தின் பொருளாதார அடிப்படை. அந்தச் சேமிப்பு ஆசிரியரின் உழைப்பிலிருந்தே எடுக்கப்பட்டது. கட்சிக்குள்ளும் சட்டமன்றத்திலும்கூட முன்னதாக விரிவாக விவாதிக்கப்படாத ஒரு திட்டத்தில், ஆசிரியரின் கருத்துக்கு இடமிருந்திருக்க வாய்ப்பில்லை. கராசெக்கின் மொழியில் கூறின், கோரிக்கை உயர்ந்தது, கட்டுப்பாடு உயரவில்லை.

கணக்கில் ஏறிய பணியும் ஏறாத பணியும்

1966 அக்டோபர் 5-இல் பாரிஸ் மாநாடு ஏற்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு–யுனெஸ்கோ பரிந்துரை இவ்விடத்தில் திருப்புமுனையாகும். கற்பிக்கும் நேரத்தை வரையறுக்கும்போது மாணவர் எண்ணிக்கை, பாடத் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும், பணிநேரத்தை ஆசிரியர் அமைப்புகளைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. அப்பரிந்துரை சட்டமாக எவரையும் கட்டுப்படுத்தவில்லை. தமிழகத்தில் 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய உரிய அலுவலரின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. பணிப்பாதுகாப்பு என்னும் ஒரு கவலை அவ்வாறு குறைந்தது.

பணியைத் தனித்து இனங்கண்டால் சுமை குறையும் என்பதற்குச் சத்துணவுத் திட்டம் சான்று. 1982-இல் அத்திட்டம் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்னும் தனிப் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. உணவளித்தல் தனித்த உழைப்பு எனக் கணக்கில் ஏறியதால் அதற்குரிய ஆளும் ஊதியமும் கிடைத்தன.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை தொடக்க நிலைக்கு ஆண்டுக்கு 200 வேலைநாட்களும் 800 கற்பித்தல் மணிகளும், ஆசிரியருக்குப் பாடத் தயாரிப்பு உட்பட வாரம் 45 மணிகளும் வகுத்தது. மாணவரின் நேரமும் ஆசிரியரின் நேரமும் ஒரே அட்டவணையில் அருகருகே இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்துவதைத் தடுத்தது.

இதிலும் பழைய பிழையின் சாயல் தொடர்கிறது. தேர்தல் பணி குறித்து உச்ச நீதிமன்றம் 2007-இல் வழங்கிய தீர்ப்பு, ஆசிரியரை விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நாட்களிலும் பயன்படுத்துமாறு கூறியது. மாணவரின் வகுப்பு காக்கப்பட்டது. அதற்கு ஈடாகச் சென்றது ஆசிரியரின் ஓய்வுநாள். மாணவர் விவரங்களை இணையத்தில் பதிவேற்றும் பணியும் இத்தகையதே. வகுப்பு நேரத்தில் செய்தால் பாடம் குறையும். செய்யாவிடில் பணி இரவு வரை நீளும். பதிவேட்டில் எவ்விடத்தும் ‘மணி’யாக இடம்பெறாத இவ்வேலையே சோர்வின் நிலையான ஊற்று.

முடிவுரை

தியானம், உடற்பயிற்சி, உளவியல் ஆலோசனை ஆகியவை தனி ஆசிரியருக்கு உதவக்கூடும். ஆயினும் 6 மணி நேரம் இரு பிரிவுக்குக் கற்பித்தவரின் களைப்பை மூச்சுப்பயிற்சி தீர்த்திருக்காது. அதனைத் தீர்த்தது திட்டம் கைவிடப்பட்டமையே. சத்துணவின் சுமையைக் குறைத்தது தனிப் பணியிடம். பணிநீக்க அச்சத்தைக் குறைத்தது சட்டம். வரலாறு காட்டும் நிவாரணங்கள் அனைத்தும் நிர்வாக நிவாரணங்களே.

எனவே ஒரு புதிய திட்டம் அறிவிக்கப்படும்போது, மாணவருக்கு அதனால் எத்தனை மணி நேரம் என்ற வினாவோடு, ஆசிரியரின் 45 மணியில் எதனை நீக்கி இதனைச் சேர்ப்பது என்ற வினாவும் எழுப்பப்பட வேண்டும். அவ்வினாவுக்கு விடை எழுதும் இடத்தில் ஆசிரியரும் அமர்ந்திருக்க வேண்டும். ஜலகண்டாபுரத்தின் தறிவீடுகளில் நெய்த முழத்திற்குக் கணக்கு உண்டு. சுற்றிய தாருக்கும் பிணைத்த பாவுக்கும் பெரும்பாலும் தனிக் கணக்கில்லை. கல்வி நிர்வாகம் ஆசிரியரின் உழைப்பை அந்நிலையில் விட்டுவைக்கும் வரை பணிச்சோர்வைத் தடுக்கும் முயற்சி முழுமை பெறாது.