மொன்செராட்

மொன்செராட் கரிபியக் கடலிலுள்ள ஐக்கிய இராச்சியத்தின் கடல்கடந்த ஆட்புலம் ஆகும். இதன் பரப்பளவு 102 சதுர கிலோமீட்டர்.

புவியியல்

தீவின் தெற்கிலுள்ள சூபிரியேர் குன்றுகள் எரிமலை ஜூலை 18, 1995 அன்று வெடிக்கத் தொடங்கியது. ஜூன் 25, 1997 அன்று கொதிக்கும் சாம்பலும் வளிமங்களும் மலைச்சரிவில் பாய்ந்ததில், மக்கள் வெளியேற்றப்பட்டிருந்த பகுதிக்குள் இருந்த 19 பேர் உயிரிழந்தனர். தலைநகர் பிளைமவுத் சாம்பலிலும் சேற்றிலும் புதையுண்டது. அரச அலுவலகங்கள் வடக்கிலுள்ள பிராடெசில் இயங்குகின்றன.

பயணப் பாதுகாப்பு

பிளைமவுத் உள்ளிட்ட தென்பகுதி தடை வலயமாகும். அனுமதியின்றி அங்கு நுழைதல் சட்டப்படி குற்றம். எரிமலை அமைதியாக இருக்கும் காலத்திலும் ஆபத்து நீங்குவதில்லை. கனமழை பெய்தால் சரிவுகளில் படிந்துள்ள சாம்பல் சேற்றுப் பெருக்காக மாறிப் பள்ளத்தாக்குகளில் விரைந்து இறங்கும். எனவே மழையின்போது மேற்கிலுள்ள பெலாம் பள்ளத்தாக்கைக் கடத்தல் கூடாது. சூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலமாகும்.