ஒரே ஆள், மூன்று பேர் வேலை: டிரம்ஸ் செட் உருவான கதை

டிரம்ஸ் செட் என்று இன்று ஒரே வாத்தியமாக எண்ணப்படுவது, 19ஆம் நூற்றாண்டில் மூன்று பேருடைய வேலை. ராணுவ பேண்டில் பெரிய பாஸ் டிரம்மை ஒருவர் அடிப்பார். ஸ்நேர் டிரம் இன்னொருவர் தோளிலிருந்து தொங்கும். சிம்பல் எனப்படும் வெண்கலத் தட்டுகள் மூன்றாமவர் கையில். தெருவில் நடந்தபடி வாசிக்கும்வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. அமெரிக்க நகரங்களின் நாடகக் கொட்டகைகளிலும் நடன அரங்குகளிலும்தான் சிக்கல் வந்தது. மேடைக்கு முன்னாலிருந்த குழியில் மூன்று பேர் உட்கார இடமில்லை. மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமும் இல்லை. ஸ்நேரை நாற்காலியில் சாய்த்து, பாஸ் டிரம்மைப் பக்கத்தில் நிறுத்தி, ஒருவரே குச்சிகளை இரண்டுக்கும் மாற்றி மாற்றி வீசி வாசிக்கத் தொடங்கினார்.

கைகள் இரண்டுதான் என்பதால் அடுத்த வழி கால். பாஸ் டிரம்மைக் காலால் அடிக்கும் கருவிகள் 1909க்கு முன்பே பல இருந்தன. ஆனால் அவை கனமானவை, மெதுவானவை. ராக்டைம் பாட்டின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சிகாகோவில் கொட்டகை வாசிப்பாளராக இருந்த வில்லியம் லுட்விக், தன் தேவைக்காகவே வேகமாகத் திரும்பும் சிறிய பெடல் ஒன்றை வடிவமைத்தார். 1909இல் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து லுட்விக் அண்ட் லுட்விக் கம்பெனியையும் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இண்டியானாபோலிஸைச் சேர்ந்த யுலிசஸ் லீடி, ஸ்நேர் டிரம்முக்கு உயரம் மாற்றக்கூடிய தாங்கி செய்து விற்றுவந்தார். டிரம் தொழிலைத் தொடக்கத்தில் வளர்த்தவர்களில் பலர் வாசிப்பவர்கள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற உறுப்புகள் கடல் கடந்து வந்தவை. ஆணியடித்துத் தோல் போர்த்திய, வண்ணப் படம் தீட்டிய சீன மத்தளங்கள் டாம்-டாம் ஆயின. சிம்பல்களில் பெயர்பெற்றவை இஸ்தான்புல்லில் வார்க்கப்பட்டவை. அங்கே 1623 முதல் தொழில் நடத்திவந்த ஆர்மீனியக் குடும்பமான ஜில்ஜியனின் உலோகக் கலவை, ஏறக்குறைய 80 பங்கு செம்பும் 20 பங்கு தகரமும் சேர்ந்தது. காய்ச்சும் பக்குவம் குடும்ப ரகசியம். 1929இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் அவர்களின் வார்ப்பாலை வந்துவிட்டது. கொட்டகையில் மௌனப்படத்துக்கு ஒலி சேர்த்த டிரம்மரின் சாமான் பட்டியல் இதோடு முடியவில்லை. ரயில் விசில், குதிரைக் குளம்போசைக்கு மரக் கட்டை, பறவை ஒலிக்குச் சீட்டி எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்ததும், கொட்டகை வாசிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். இந்தத் தட்டுமுட்டுச் சாமான்களும் செட்டிலிருந்து மெல்ல மெல்லக் கழன்றுபோயின.

அதே பத்தாண்டில் இடது காலுக்கும் வேலை வந்தது. இரண்டு சிம்பல்களைக் காலால் மோதவைக்கும் கருவி முதலில் தரையை ஒட்டித் தாழ்வாக இருந்தது. குழாயை நீட்டி இடுப்பளவு உயர்த்தியதும் அதைக் குச்சியாலும் அடிக்க முடிந்தது. ஹை-ஹாட் பிறந்தது இப்படித்தான். கவுண்ட் பேஸி ஜாஸ் குழுவின் டிரம்மர் ஜோ ஜோன்ஸ், தாளத்தின் ஓட்டத்தை அதற்கு மாற்றினார். 1940களில் ஜாஸ் டிரம்மர் கென்னி கிளார்க் அந்த ஓட்டத்தைப் பெரிய ரைடு சிம்பலுக்குக் கொண்டுபோனார். பாஸ் டிரம் அதுவரை தாளத்தைச் சுமந்த கடமையிலிருந்து விடுபட்டு, இடையிடையே அதிரடி கொடுக்கும் வேலைக்கு மாறியது. ஜாஸ் டிரம்மர்கள் பிற்பாடு சிறிய பாஸ் டிரம்களை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

செட்டின் உருவத்தை நிலைப்படுத்தியவர் ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ருபா. ஆணியடித்த டாம்-டாமில் சுருதி கூட்ட நெருப்பில் வாட்டுவதைத் தவிர வழியில்லை. மேலும் கீழும் திருகாணி வைத்துச் சுருதி சேர்க்கும் டாம்-டாம்களை ஸ்லிங்கர்லாண்ட் டிரம் கம்பெனியிடம் அவர் கேட்டுப் பெற்றார். 1938 ஜனவரியில் பென்னி குட்மன் குழுவுடன் கார்னகி ஹாலில் அவர் வாசித்தபோது, பின்வரிசை டிரம்மர் நட்சத்திரமாகவே ஆகிவிட்டார். அவர் வைத்திருந்த பாஸ், ஸ்நேர், இரண்டு டாம்-டாம், சிம்பல்கள் என்ற அடுக்கு இன்றும் கடைகளில் விற்கும் செட்டின் அடிப்படை.

தோலின் தொல்லை அப்போதும் தீரவில்லை. கன்றுத்தோல் மழைநாளில் தொய்யும், வெயிலில் விறைக்கும். 1957இல் டிரம்மர் ரெமோ பெல்லி பாலியெஸ்டர் படலத்தில் செய்த டிரம் முகப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஒலியில் கன்றுத்தோலின் இதம் இல்லை என்று பழைய வாசிப்பாளர்கள் குறைபட்டதில் நியாயம் உண்டு. ஆனால் திறந்தவெளியில் கச்சேரி செய்பவருக்கு அது வரப்பிரசாதம். பலமாக அடிக்கும் ராக் டிரம்மருக்கோ அது இல்லாமல் முடியாது.

எந்த செட்டை வாங்குவது என்பதில் விளம்பரத்தின் பங்கை 1964 காட்டியது. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் முந்தைய ஆண்டு லண்டனில், கறுப்பு முத்துச்சிப்பி மினுக்கம் கொண்ட லுட்விக் செட் ஒன்றை எடுத்திருந்தார். நிறம் பிடித்ததால் என்று சொல்வதுண்டு. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் வாசித்த எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 7 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். பாஸ் டிரம்மின் முகப்பில் லுட்விக் பெயர் இருந்தது. சிகாகோ ஆலை இரவு பகலாக ஓடியும் தேவையைச் சமாளிக்க முடியவில்லை. அந்த உச்சம் நிலைக்கவில்லை. 1970களில் பேர்ல், டாமா, யமஹா என்ற ஜப்பானியப் பெயர்கள் உறுதியான தாங்கிகளோடும் குறைந்த விலையோடும் சந்தையைப் பிடித்தன. 1981இல் லுட்விக் குடும்பம் கம்பெனியை விற்றுவிட்டது.

அதே ஆண்டு அறுகோணத் தட்டுகளோடு இங்கிலாந்தின் சிம்மன்ஸ் எலக்ட்ரானிக் செட் வந்தது. 1985இல் ரோலண்டின் ஆக்டபேட், எட்டு ரப்பர் தட்டுகளில் எந்தத் தாளவாத்தியத்தையும் கேட்க வைத்தது. தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் தபேலா, தவில், டிரம்ஸ் எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்து ஒலிப்பதைக் கேட்கலாம். சிம்பல் மட்டும் எளிதில் வசப்படவில்லை. ஒரே தட்டில் அடிக்கும் இடமும் அழுத்தமும் மாறமாற ஒலி மாறும் வெண்கலத்தின் நுட்பத்தை ரப்பர் முழுதாகப் பிடிக்காததால், எலக்ட்ரானிக் தட்டுகளுக்கு நடுவிலும் ஹை-ஹாட்டையும் ரைடையும் வெண்கலத்திலேயே வைத்துக்கொள்ளும் டிரம்மர்கள் உண்டு.