பொஸ்ரன் ஐஸும் எங்கட ஐஸ் கோப்பியும்

போன கிழமை ரொறன்ரோவில சரியான வெக்கை. வெப்பமானி 33 காட்டுது, வானொலிக்காரர் "ஆனால் உணரப்படுவது 42" என்று சொல்லுறார். இந்த "உணரப்படுவது" கணக்கு 1965 இல கனடாக்காரர் தொடக்கினது. வெயிலோட காற்றில இருக்கிற ஈரத்தையும் சேர்த்து ஹியூமிடெக்ஸ் என்று ஒரு எண்ணாச் சொல்லுவினம். குளிர்காலத்தில காத்துக்குக் கழிக்கிறது, வெயில் காலத்தில ஈரத்துக்குக் கூட்டுறது. மொத்தத்தில இந்த ஊரில உண்மையான வெப்பநிலையை ஒருத்தரும் நம்புறேல்ல :-)

எங்கட வீட்டில குளிரூட்டி இல்லை. அதால முதல் நாள் இரவே கொழும்பு முறையில ஐஸ் கோப்பி போட்டு வைச்சன். நல்ல கடுங்கோப்பி, ஒரு பேணி ரின்பால், இரண்டு சொட்டு வனிலா, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ள. கொழும்பில கலியாண வீட்டுக்குப் போனவைக்குத் தெரியும், அந்தச் சின்னக் கிளாஸில வாறது எப்பவும் அரைக் கிளாஸ்தான், இரண்டாவது கேக்க வெக்கமாயிருக்கும். இங்க கேக்க ஆளில்லை, நானே நாலு கிளாஸ் குடிச்சன்.

என்ர அறைத்தோழன் ஹற்றன் பக்கத்துக்காரன். அவன் அந்த வெக்கையிலயும் ஆவி பறக்கப் பறக்க வெறும் தேத்தண்ணியோட இருக்கிறான்.

"உனக்கென்ன விசரே, இந்த வெயிலுக்குள்ள சுடுதண்ணி குடிக்கிறாய்?"

"வேர்த்தா தானா குளிரும் மச்சான். எங்க பாட்டி சொல்லும்."

பாட்டி சொன்னது என்று விட்டிருப்பன். ஆனால் தேடிப் பார்த்தால் பாட்டிக்கு ஆதரவா ஒட்டாவா பல்கலைக்கழகமே நிக்குது. 2012 இல ஒலி ஜே என்பவரும் கூட்டாளிகளும் ஆக்களைச் சைக்கிள் மிதிக்க விட்டு, 1.5 பாகையில இருந்து 50 பாகை வரைக்கும் வெவ்வேறு சூட்டில தண்ணி குடுத்துப் பார்த்திருக்கினம். சுடுதண்ணி குடிச்சபோது உடம்பில சேர்ந்த வெப்பம் குறைவு. குடிச்ச சூட்டைவிட, அதால கூட வேர்த்த வேர்வை கொண்டுபோற சூடு அதிகம். ஆனால் ஒரு நிபந்தனை: வேர்வை முழுக்கக் காய வேணும். காத்தடிக்கிற வறண்ட வெயிலுக்கு அது சரிவரும். ஈரம் பிடிச்ச ரொறன்ரோ யூலைக்கும், கொழும்புக்கும் சரிவராது. வேர்வை காயாமல் சும்மா வழிஞ்சு கொண்டிருக்கும். ஆகவே அன்றைக்கு நான்தான் சரி என்று அவனிட்டச் சொன்னன். அவன் கணக்கெடுக்கேல்ல.

அந்த உற்சாகத்தில ஐஸின்ர வரலாற்றையும் எடுத்துவிட்டன். எனக்கு நல்லாப் பிடிச்ச கதை அது. சென்னையில கொஞ்சக் காலம் நிண்டபோது பஸ் நடத்துநர் "ஐஸ் ஹவுஸ்" என்று கூப்பிடுறதைக் கேட்டிட்டு, உது என்ன ஐஸ்கிறீம் கடையோ என்று விசாரிச்சதில பிடிச்ச பைத்தியம்.

பொஸ்ரனில பிரெடரிக் ரியூடர் என்று ஒரு மனுசன், 1783 இல பிறந்தவர். குளிர்காலத்தில குளங்களில சும்மா கிடக்கிற ஐஸை வெட்டி வெயில் நாடுகளுக்கு வித்தால் என்ன என்று யோசிச்சார். 1806 இல முதல் கப்பலை மாட்டினிக் தீவுக்கு அனுப்பினபோது ஊரே சிரிச்சது. சிரிச்சதில பிழையும் இல்லை, அங்க ஐஸை வைக்க இடமில்லாமல் உருகிப் போச்சு. கடனுக்காக மறியலுக்கும் போயிருக்கிறார். ஆனால் மனுசன் விடேல்ல. மரத்தூளுக்குள்ள அடுக்கினால் ஐஸ் தாங்கும் என்று கண்டுபிடிச்சார். நதானியேல் வயெத் என்பவர் குதிரை இழுக்கிற வெட்டுக் கலப்பை ஒண்டைச் செய்து குடுத்தார். அதுக்குப் பிறகு ஐஸ் எல்லாம் ஒரே அளவுச் சதுரக் கட்டி. இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், இடைவெளி இல்லாட்டி உருகுறதும் குறைவு.

1833 மே மாதம் 'ரஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 தொன் ஐஸோட பொஸ்ரனில இருந்து வெளிக்கிட்டது. பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடந்து, நாலு மாதத்துக்குப் பிறகு செப்ரெம்பரில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது 100 தொன் மட்டில மிச்சம் இருந்தது. கல்கத்தா வெள்ளைக்காரர் துள்ளிக் குதிச்சினம். ஐஸுக்குச் சுங்கவரி இல்லை, வெயில் படாமல் இரவில இறக்க விசேட அனுமதி. அதுக்கு முதல் ஹூக்ளிப் பக்கம் குளிர்கால இரவுகளில மண்சட்டிகளில தண்ணி வைச்சு மெல்லிசா உறைய விட்டு எடுக்கிற ஐஸ்தான் இருந்தது. அதுவும் முக்கால்வாசி சேறு. முகலாயர் காலத்திலயே வெடியுப்பைக் கரைச்சுத் தண்ணி குளிரப் பண்ணினது 'அயினி அக்பரி'யில இருக்கு. அமெரிக்க ஐஸ் கண்ணாடி மாதிரித் தெளிவு. வைன் குளிர வைக்க, பியர் குளிர வைக்க, காய்ச்சல்காரரின்ர தலையில வைக்க எல்லாத்துக்கும் அதுதான்.

மட்ராஸ் கடற்கரையில ஐஸ் ஹவுஸ் எழும்பினது 1842 மட்டில. கல்கத்தா, பம்பாய் ஐஸ் வீடுகள் இப்ப இல்லை, சென்னையில மட்டும்தான் கட்டடம் நிக்குது. 1870களில நீராவி இயந்திரத்தால உள்ளூரிலயே ஐஸ் செய்யத் தொடங்க, பொஸ்ரன் ஐஸுக்கு மவுசு போயிட்டுது. கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கினார். 1897 பெப்ரவரியில விவேகானந்தர் அங்க தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைப் பெண்களைப் படிப்பிக்கிறதுக்கு அங்க விடுதி நடத்தினா. 1963 இல விவேகானந்தர் இல்லம் என்று பேர் மாறினது. ஆனால் நடத்துநருக்கு அது இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான்.

இதோட நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு படி மேல போய், ரியூடர் இடையில கோப்பி விலை ஏறும் என்று சூதாடி இரண்டு இலட்சம் டொலருக்கு மேல இழந்தவர், கல்கத்தா ஐஸ் காசிலதான் அந்தக் கடனைக் கட்டி முடிச்சவர் என்றும் சொன்னன். "பார், ஐஸும் கோப்பியும் அப்பவே சேர்ந்திட்டுது!" என்று எனக்கே என்ர பகிடி பிடிச்சுப் போச்சு.

அவன் கோப்பையைக் கீழ வைச்சிட்டுக் கேட்டான்: "1842ன்னு சொன்னியே. அந்த வருசம் அந்தக் கோப்பியைப் பறிச்சது யாரு?"

எனக்கு உடன பதில் வரேல்ல. இரண்டு நாள் நூலகத்தில இருந்த பிறகுதான் அவன் எங்க வாறான் என்று விளங்கினது. கதையை நான் துறைமுகத்துப் பக்கம் நிண்டே சொல்லியிருக்கிறன்.

1830களில பிரித்தானியா மேற்கிந்தியத் தீவுகளில அடிமை முறையை ஒழிச்சது. யமேக்காவில கோப்பி சரிஞ்சது. 1835 இல இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வை ஆக்கப்பட்டது. கண்டி மலைக்காடுகளை அரசாங்கம் ஏக்கர் 5 சிலிங்குக்கு வித்தது. ஆளுநரில இருந்து படை அதிகாரி, பாதிரியார் வரைக்கும் வாங்கினவை. காணி இருக்கு, மரம் நட்டாச்சு, பறிக்க ஆள்? மட்ராஸ் மாகாணத்தில இருந்துதான். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சனம். கங்காணியிட்ட முன்பணம் வாங்கி, அந்தக் கடனோடயே தொண்டிப் பக்கம் தோணி ஏறி, மன்னார்க் கரையில இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால தம்புள்ளை வழியா மாத்தளைக்கு நடை. நூறு மைலுக்கு மேல. தண்ணி இல்லாத காடு, வாந்திபேதி, மலேரியா. விழுந்தவையை வழியிலயே விட்டிட்டுப் போயிருக்கினம்.

இப்ப வருசத்தைப் பாருங்கோ. 1840கள். அதே மட்ராஸ் மாகாணம். ஒரு கரையில, மரத்தூளுக்குள்ள பத்திரமாச் சுத்தின ஐஸ் கட்டிகள் பொஸ்ரனில இருந்து வந்து இறங்குது, அதுக்கு வட்டமான சுவரும் தடிச்ச கூரையும் வைச்சு ஒரு வீடு. கொஞ்சம் தெற்க, அதே கடலின்ர கரையில மனிசர் ஏறிப் போகினம். ஐஸ் எத்தனை தொன் உருகினது என்றதுக்குக் கணக்கிருக்கு. வடக்கு வீதியில எத்தனை பேர் செத்தவை என்றதில வரலாற்றாசிரியர்கள் இண்டைக்கும் அடிபடுகினம்.

நான் ரியூடரில குறை சொல்லேல்ல, அந்தாள் ஐஸ் வித்தவர் அவ்வளவுதான். குறை எனக்குத்தான். ஒரு கிளாஸ் ஐஸ் கோப்பியின்ர வரலாறு என்று சொல்லிப்போட்டு ஐஸை மட்டும் சொல்லியிருக்கிறன். வால்டன் குளத்துக்குப் பக்கத்தில குடியிருந்த தோரோ கூட, தன்ர குளத்து ஐஸை வெட்டிக் கொண்டுபோறதைப் பார்த்திட்டு மட்ராஸை நினைச்சிருக்கிறார். ஆனால் அங்க இருந்து வெளிக்கிட்டவையை யார் நினைச்சது?

கொழும்பில ஐஸ் கம்பனி தொடங்கினது 1866 இல. அதுதான் பிறகு சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் ஆகி, நாங்கள் நெக்டோவும் ஓரஞ்ச் பார்லியும் குடிச்ச எலிபன்ற் ஹவுஸ். ஐஸ் வந்து மூண்டே வருசத்தில, 1869 இல, மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில செம்மஞ்சள் துரு மாதிரி ஒரு பூஞ்சணம். இருபது வருசத்துக்குள்ள இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல இருந்த கோப்பி கதை முடிஞ்சுது. எங்கட 'பாரம்பரிய' ஐஸ் கோப்பியை இப்ப நாங்கள் நெஸ்கபேயில போடுறதுக்கு அந்தப் பூஞ்சணமும் ஒரு காரணம் :-(

அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. லூல்கந்துர தோட்டத்தில ஜேம்ஸ் ரெயிலர் 1867 இலயே 19 ஏக்கரில நட்டு வைச்சிருந்தார். பாடப்புத்தகத்தில இந்த 19 ஏக்கர் வரும், பரீட்சைக்கும் வரும். வராதது இதுதான்: கோப்பி பருவத்துக்குப் பழுக்கிறது. ஆக்கள் வந்து பறிச்சிட்டு ஊருக்குத் திரும்பிப் போகலாம், கனபேர் அப்பிடித்தான் போய் வந்தவை. தேயிலைக் கொழுந்து வருசம் முழுக்க வரும். ஆக, சனம் குடும்பத்தோட லயத்திலயே தங்க வேண்டி வந்தது. 'வந்து போறவை' என்று இருந்தவையை 'இருக்கிறவை' ஆக்கினது அந்தச் செடி. அப்பிடி இருந்தவையைத்தான் 1948 குடியுரிமைச் சட்டம் 'நீங்கள் இந்த நாட்டவர் இல்லை' என்றது, ஏறத்தாழ 7 இலட்சம் பேரை. 1964 இல சிறிமாவும் சாஸ்திரியும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரிச்சு ஒப்பந்தம் போட்டினம். மிச்சம் இருந்தவைக்கு முழுசாத் தீர்வு வர 2003 சட்டம் வரைக்கும் போனது. அறைத்தோழனின்ர பாட்டியின்ர அண்ணன் ஒருத்தர் கப்பலேறிப் போனவராம். அந்தத் தேத்தண்ணி வைத்தியம் சொன்ன அதே பாட்டி. அதுக்கு மேல அவன் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

ஐஸ் ரீயைப் பற்றியும் ஒரு கதை எல்லா இடமும் ஓடுது. 1904 சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில ரிச்சர்ட் பிளச்சின்டன் என்ற இந்தியத் தேயிலைப் பிரதிநிதி, வெக்கையில ஒருத்தரும் சூட்டுத் தேத்தண்ணிக்கு வரேல்ல என்று ஐஸைப் போட்டுக் குடுத்து ஐஸ் ரீயைக் 'கண்டுபிடிச்சாராம்'. 1879 இல அச்சான ஒரு வேர்ஜினியாச் சமையல் புத்தகத்திலயே ஐஸ் ரீ செய்முறை இருக்கு, அதுவும் பச்சைத் தேயிலையில. மனுசன் செய்தது விளம்பரம். பிறகு இரண்டாம் உலகப் போரில யப்பான், சீனப் பச்சைத் தேயிலை வராமல் நிக்க, அமெரிக்காவின்ர ஐஸ் ரீ எங்கட பக்கத்துக் கறுப்புத் தேயிலைக்கு மாறினது.

ரொறன்ரோவுக்கும் ஒரு ஐஸ் கதை இருக்கு. முதல்ல துறைமுகக் குடாவிலயும் ஹை பார்க்கில இருக்கிற கிரெனடியர் குளத்திலயும் வெட்டினவை. குடாவுக்குள்ள நகரத்துக் கழிவு கலக்க, அந்த ஐஸில ஆசை விட்டுப்போச்சு. 1853 இல சிம்கோ ஏரிப் பக்கம் ரயில் போனது. பெல் யுவார்ட் என்ற கரையோரக் கிராமத்தில வெட்டின ஐஸ் பெட்டி பெட்டியா ரயிலில ஏறி நகரத்துக்கு வந்தது. குளிர்சாதனப் பெட்டி வீடுகளுக்கு வரும்வரை அந்த வியாபாரம் ஓடினது.

2004 இல இருந்து நகர மத்தியில வேற மாதிரி. ஒன்ராறியோ ஏரிக்குள்ள 5 கிலோமீற்றர் தூரம் குழாய் விட்டு, 83 மீற்றர் ஆழத்தில இருந்து 4 பாகைத் தண்ணியை எடுக்கினம். தண்ணி 4 பாகையிலதான் ஆகப் பாரம், அதால குளிர்காலத்துத் தண்ணி அடியில போய்க் கோடையிலயும் அப்பிடியே கிடக்கும். அந்தக் குளிரைக் கட்டடங்களுக்குக் குடுத்திட்டு, தண்ணி குடிநீர்க் குழாய்க்குப் போகுது. ரியூடர் இருந்திருந்தால் தலையில கை வைச்சிருப்பார், வெட்டவும் இல்லை, மரத்தூளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் 40. இந்த முறை அவன் வீட்டில இருந்து வந்த தேயிலைத் தூளில கடுஞ்சாயம் போட்டு, சீனி கரைச்சு, ஐஸ் தட்டில ஊத்தி உறைய வைச்சன். தண்ணி ஐஸ் என்றால் உருகிச் சாயம் வெளுக்கும், சாயத்திலயே ஐஸ் என்றால் வெளுக்காது. தேசிக்காய் பிழிஞ்சு ஒரு கிளாஸ் நீட்டினன். ஒரு வாய் குடிச்சுப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. சீனி கூட."

பேந்து எழும்பிப் போய் அடுப்பில கேத்திலை வைச்சான்.