கிரீன்ஸ்டெட் மரச்சுவரின் வயது

இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் உள்ள கிரீன்ஸ்டெட் தேவாலயத்தின் பழைய சுவர் கல்லில்லை. நெடுக்காகப் பிளந்த ஓக் மரங்களை வரிசையாக நிறுத்தியது. வெளியே உருண்டை, உள்ளே தட்டை.

டேனியர் கொன்ற அரசர் புனித எட்மண்டின் உடல் 1013-இல் லண்டனிலிருந்து பெரி போகும் வழியில் இங்கே ஓர் இரவு தங்கியது என்பது ஊர்க்கதை. மர வளையத்தை எண்ணி முன்பு 845 என்றார்கள். கதைக்கு வசதியாப் போச்சு. 1995-இல் மறுபடி எண்ணினால், மரம் வெட்டியதே 1063-க்குப் பிறகுதானாம்! இந்தச் சுவருக்குள் எட்மண்ட் தங்கியிருக்கவே முடியாது.

ஆனா தரைக்கடியில் இன்னும் பழைய மரக்கட்டடத்தின் தடயம் கிடைத்திருக்கு. கதைக்கு அங்கே இடமுண்டு. சுவருக்குத்தான் பாவம், 1848 சீரமைப்பில் மக்கிய அடிப்பகுதியை அறுத்துவிட்டுச் செங்கல்மேல் நிறுத்திவிட்டார்கள்.