புரொமீதியசும் பிராங்கன்ஸ்டைனும்

மேனாட்டில் அச்சமூட்டும் புனைகதைகள் தனியோர் இலக்கிய வகையாக வளர்ந்தபோது, அவற்றுக்கு ஊட்டமளித்தவற்றுள் பழைய கிரேக்கப் புராணங்களும் அடங்கும். இதற்குத் தக்க சான்று, 1818ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவலாகும். 'நவீன புரொமீதியஸ்' என்பது அதன் மறுபெயர். அதனை இயற்றிய மேரி ஷெல்லி, எழுதத் தொடங்கியபோது 18 வயது நங்கை.

புரொமீதியஸ் என்பவன் யார்? தேவர் தலைவனாகிய சீயஸ் மறைத்துவைத்த நெருப்பைத் திருடி, தண்டொன்றின் உள்ளே ஒளித்துக் கொணர்ந்து மனிதருக்கு ஈந்தவன் அவன் என்பார் கிரேக்கப் புலவர் எசியோட். சினங்கொண்ட சீயஸ் அவனை விலங்கிட்டான். கழுகொன்று பகல்தோறும் அவனது ஈரலைக் கொத்தித் தின்றது. இரவுதோறும் அது மீண்டும் வளர்ந்தது. மண்ணை நீரிற் குழைத்து மனிதனை ஆக்கியவனும் அவனே என்னும் மரபை உரோமப் புலவர் ஓவிட் பாடினார். நெருப்பைத் திருடியவன், மனிதனைப் படைத்தவன் என்னும் இவ்விரு வடிவங்களும் மேரியின் கதையில் ஒன்றாயின.

1815இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடை குளிர்ந்தது. ஜெனீவா ஏரிக்கரையில், கவிஞர் பைரனின் இல்லத்தில் மழையால் அடைபட்ட நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதெனத் தீர்மானித்தனர். அங்கேதான் மேரியின் கதை கருக்கொண்டது. பைரன் அவ்வாண்டிலேயே புரொமீதியசைக் கொடுமைக்குப் பணியாத வீரனாகப் பாடினார். மேரியின் கணவர் பேர்சி ஷெல்லி 1820இல் வெளியிட்ட கவிதை நாடகத்திலும் அவன் வீரனே. மேரி கேட்ட கேள்வி வேறு: படைத்தவன் தன் படைப்புக்குப் பொறுப்பாளி அல்லனோ?

கதைத் தலைவன் விக்டர் பிராங்கன்ஸ்டைன், களிமண்ணுக்குப் பதிலாகப் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவத்தை அமைத்து உயிரூட்டுகிறான். அது கண் விழித்ததும் அருவருப்புற்று ஓடிவிடுகிறான். புராணத்தின் புரொமீதியஸ் மனிதருக்காகத் துன்பத்தை ஏற்றான்; விக்டரோ தான் படைத்ததைக் கைவிட்டான். ஆகவே இங்கே தண்டனை தர வானத்துத் தெய்வமும் கழுகும் வேண்டியதில்லை. தம்பி, நண்பன், மணமகள் என ஒவ்வொருவராக அவ்வுருவத்தின் கையால் மடிகின்றனர்.

நெருப்பும் கதை நெடுகிலும் தொடர்கிறது. காட்டில் அநாதையாய் அலையும் அவ்வுருவம், இரவலர் விட்டுச்சென்ற தீயைக் கண்டு குளிர்காய்கிறது. மகிழ்ச்சி மிகுதியால் கையை நீட்டிச் சுட்டுக்கொள்கிறது. இன்பம் தந்த பொருளே துன்பமும் தருவதேன் என வியக்கிறது. பின்னர், தான் அன்புகொண்ட குடும்பத்தினர் தன்னை வெறுத்து நீங்கியதும், அதே தீயால் அவர்களது குடிசையை எரிக்கிறது. ஈற்றில், வடதுருவப் பனிவெளியிற் சிதைமூட்டித் தானும் எரிந்து மாயப்போவதாகக் கூறி மறைகிறது.

விக்டர் தன் படைப்புக்குப் பெயரிடவேயில்லை. பிற்கால மக்களோ படைத்தவனின் பெயராலேயே அதனை அழைக்கலாயினர். நூலின்படி இது பிழையே. ஆயினும், தந்தை மறுத்த உறவை உலகம் அப்பிள்ளைக்கு வழங்கிவிட்டது.