மதுரை தேடிய நிலம்: கோட்டை அகழி முதல் தென்கால் கண்மாய் வரை

மதுரை வளர்வதற்கு இடம் தேடிய வரலாற்றை 1840களிலிருந்து தொடங்கலாம். கலெக்டர் ஜான் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்கத் துணிந்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த மனை என்ற ஏற்பாட்டால் வேலை நடந்தது. வெளி வீதிகள் பிறந்தன. அளவையர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். நகரின் முதல் ‘காலி நிலம்’ ஒரு நீர்நிலையைத் தூர்த்துத்தான் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே பத்தாண்டில், 1845இல், அமெரிக்க மதுரை மிஷன் திருமங்கலத்தில் நடத்திவந்த பயிற்சிப் பள்ளியைப் பசுமலைக்குக் கொண்டுவந்தது. வயலை விட்டு மலையடிவார மேட்டில் குடியேறியது நல்ல தேர்வு என்றே சொல்வேன். 1881இல் அங்கே கல்லூரியும் வந்தது. ஆனால் 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தபின் வைகையின் வடகரை எளிதில் எட்டும் இடமாயிற்று. அந்தக் கல்லூரியும் 1904இல் மதுரைக்கு இடம்பெயர்ந்தது; தல்லாகுளத்தில் இன்றிருக்கும் அமெரிக்கன் கல்லூரி அதுவே. தெற்கில் ரயிலும் ஆலைகளும் நகரை இழுத்தன. ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி அதன் தடம்.

பசுமலையைச் சுற்றியுள்ள நிலத்தின் கணக்கு வேறு வகையானது. வைகையில் பிரியும் நிலையூர்க் கால்வாய் மாடக்குளம், தென்கால், நிலையூர்க் கண்மாய்களை நிரப்புகிறது. பாண்டியர் கல்வெட்டுகள் ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்கின்றன: கண்மாயைச் சொல்லித்தான் ஊருக்கு அடையாளம் சொன்னார்கள். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலும் இந்த நினைவு மிச்சமிருக்கிறது. சர்வே எண், நன்செய்யா புன்செய்யா, மண் வகை, தீர்வை இவற்றோடு பாசன ஆதாரத்துக்கும் ஒரு கலம் உண்டு. எந்தக் கண்மாய்த் தண்ணீர் எந்த வயலுக்கு என்பதை அது சொல்லிவிடும். வரைபடத்தில் வெறும் மனையாகத் தெரியும் துண்டு, பதிவேட்டில் கண்மாயின் பாசனப் பரப்பான ஆயக்கட்டாக இருக்கும்.

1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டமும் 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் வந்தன. பிந்தைய சட்டப்படி முழுமைத் திட்டம் குடியிருப்பு, வணிகம், வேளாண்மை என நிலத்துக்குப் பயன் வகுக்கிறது. வகுத்தது ஒன்று, நடந்தது வேறு. உலகநேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்து 2004இல் திறக்கப்பட்டது. அரசே கண்மாயைக் காலி இடமாக எண்ணியபோது, லே-அவுட் போடுபவரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. வயல்கள் அனுமதியின்றி பிளாட்டாவது பெருகியது. 2016இல் அத்தகைய மனைகளின் பதிவுக்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே வரன்முறை விதிகள் வந்து, போட்ட மனைகளுக்குப் பெரும்பாலும் வழி பிறந்தது.

2011இல் திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி போன்றவை சேர்ந்து மாநகராட்சிப் பரப்பு சுமார் 52லிருந்து 148 சதுர கிலோமீட்டராயிற்று. காகிதத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ மூன்று மடங்கு நிலம்! அதில் மலைகளையும் கண்மாய்களையும் வாய்க்கால் புறம்போக்கையும் கழித்தால்தான் எஞ்சுவது தெரியும். மேற்கே நாகமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம், வடகிழக்கே ஆனைமலை, தெற்கே விமான நிலையம் என்று தடைகளும் இருக்கின்றன. மிஞ்சும் போக்கு திருமங்கலம் சாலை. தோப்பூரில் துணைக்கோள் நகரமும் 2019இல் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸும் அந்தத் திசையைக் காட்டுகின்றன.

அந்தச் சாலையில்தான் பசுமலையும் தென்கால் கண்மாயும் இருக்கின்றன. நகருக்கு எவ்வளவு நிலம் மிச்சம் என்று இனி ஆய்வு செய்பவர்கள் செயற்கைக்கோள் படத்தை விரிக்குமுன் ‘அ’ பதிவேட்டின் பாசனக் கலத்தைப் படிக்க வேண்டும். அதில் கண்மாயின் பெயர் எழுதப்பட்டிருக்கும் சர்வே எண்களைக் காலி நிலக் கணக்கில் சேர்க்கக் கூடாது.