லயத்து முருங்கைக்கு மலாக்கா மழை ஆகுமா?

மலாக்காவில் தனிக் கோடைக்காலம் கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவதே இங்குக் கோடை. முருங்கைக்கு அது போதும். அடைமழையில் பூ உதிர்ந்துவிடும், கீரைதான் தழைக்கும்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறங்களில் லயத்து வீட்டுக் கொல்லை வெறும் பொழுதுபோக்கல்ல. 1942–45 ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது மலாயா மக்களின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்கு. 1974இல் அரசாங்கமே பச்சைப் புத்தகத் திட்டத்தின்வழி வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடச் சொன்னது.

அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களுக்குக் கொல்லை ஏது? பெரிய தொட்டியில் முருங்கை வைத்து, இடுப்பளவு உயரத்தில் நுனியை வெட்டிக்கொண்டே வந்தால் கீரைக்குக் குறைவிருக்காது. தொட்டியின் அடியில் நீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகிவிடும். காய் வேண்டுமென்றால் வெயில்படும் மேட்டுத் தரைதான் சரி.

விதையில் முளைப்பது தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது, போத்து அப்படியல்ல. லயம் இடிபடும்போது மரமும் சேர்ந்து சாயும். நன்கு காய்க்கும் மரமென்றால் அதற்குமுன்பே மணிக்கட்டுப் பருமனில் இரண்டு போத்து வெட்டி வந்து நட்டுவிடலாம்.